அரிசி மாவில் சுட்ட பை

எனக்குக் கோதுமை மா ஆகாது. இப்போது இதைச் சொல்ல எந்தக் கூச்சமும் கிடையாது. அந்த வியாதிக்கு ஒரு பெயர் இருக்கிறது, பெயரைச் சொன்னால் டாக்டர்மார் தலையாட்டுகிறார்கள். நான் சொல்லப்போவது அப்படித் தலையாட்ட ஆள் இல்லாத காலத்தைப் பற்றி. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், சனமெல்லாம் மாவுக்கு அலைந்துகொண்டிருந்த வருசங்களில், மா ஆகாத ஒரு வயிற்றை வைத்துக்கொண்டு நான் பட்ட வெட்கத்தைப் பற்றி.

பிறந்து வளர்ந்தது பண்டாரவளையில். அப்பாவுக்கு ஒரு சின்னப் பலசரக்குக் கடை. சிறுவயதில் பேக்கரியில் வாங்கிய பாண் தின்றால் எனக்கு வயிறு ஊதும், கைகால் சூம்பிப் போகும். வீட்டில் ஒரு பக்கம் மந்திரித்தார்கள், ஒரு பக்கம் கசாயம் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு வயதான டாக்டர்தான் பாண், ரொட்டி, பிஸ்கட் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்க்கச் சொன்னார். நிறுத்தினார்கள், தேறிவிட்டேன். விசயம் அவ்வளவுதான். ஆனால் அம்மா அதை வீட்டு வாசலைத் தாண்ட விடவில்லை. வயிற்றுக் கோளாறுள்ள பெண் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் எவன் வந்து கட்டுவான் என்பது அம்மாவின் கவலை.

கலியாணப் பேச்சு முடிந்த அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். “புள்ள ஒன்னு பொறக்குற வரைக்கும் வாயத் தொறக்காத. அதுக்கப்புறம் ஒன்னய விட்டுட்டு அவங்க எங்க போகப் போறாங்க? அப்ப சொல்லிக்கலாம்.” வாயைத் திறக்காமல் இருப்பதுதான் எனக்கு வராத ஒரே வேலை. இருந்தாலும் சரி என்றேன்.

மாப்பிள்ளை தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அந்தத் தோட்டத்து லயத்திலேயே, தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளிலேயே பிறந்து, பதுளைக்குப் போய்ப் படித்து, திரும்ப அங்கேயே படிப்பிக்க வந்தவர். அந்த லயத்திலிருந்து வாத்தியாரான முதல் ஆள். அவருடைய அம்மா, என் மாமி, அப்போதும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தை ஒட்டி எங்களுக்கு ஒரு சின்ன வீடு. சரிவில் கொஞ்சம் இறங்கினால் மாமி இருந்த லயம். என் புருசன் சாயங்காலம் லயத்துப் பக்கம் போனால், ஒவ்வொரு காம்பரா வாசலிலும் நின்று பேசாமல் திரும்ப மாட்டார். காம்பரா என்றால் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கிய ஒற்றை அறை. அத்தனை காம்பராப் பிள்ளைகளும் அவரிடம்தான் படித்தார்கள்.

எழுபதுகளின் அந்தப் பஞ்சத்தை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ரேசன் கூப்பனுக்குக் கிடைக்கிற அரிசி கஞ்சிக்கே பற்றாது. தோட்டத்துச் சனம் உயிர் வாழ்ந்தது கோதுமை மா ரொட்டியில். அந்த மாவையும் குறைத்துவிட்டார்கள். மரவள்ளிக் கிழங்கையும் கீரையையும் அவித்து நாளைத் தள்ளினார்கள், தவிட்டைப் பிசைந்து தட்டிய வீடுகளும் இருந்தன. அப்படிப்பட்ட இடத்தில், ஒரு வீட்டுக்காரி தன் பிள்ளைகளின் பங்கில் பிடித்து வைத்த மாவில் ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் அரைத்து, புதுப்பெண்ணைக் கூப்பிட்டு முன்னால் வைத்தால் அதற்கு என்ன பெறுமதி என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே வேண்டாம் என்றேன்.

கலியாணமான புதிதில் வீட்டுக்கு வீடு விருந்துக்குக் கூப்பிடுவது லயத்து வழக்கம். முதல் வீட்டில் விரதம் என்றேன். அடுத்த வீட்டில் தலைவலி. அதற்கடுத்த வீட்டில் இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்றேன். அதைக் கேட்டு என் புருசன் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். எந்த வீட்டிலும் தேத்தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். எங்கள் வீட்டில் எனக்குக் கிழங்கு, குரக்கன் என்கிற கேழ்வரகில் கூழ், கிடைத்தால் கொஞ்சம் சோறு. அவருக்கு ரொட்டி. “டவுன் நாக்கு, ரொட்டி எறங்காது” என்று கேலி பண்ணுவார். நானும் சிரித்துத் தப்பித்துக்கொள்வேன்.

லயத்தில் அதை நாக்கு என்று யாரும் நினைக்கவில்லை, சாதி என்று நினைத்தார்கள். நினைக்காமல் என்ன செய்வார்கள்? டவுன் கடைக்காரர் மகள் லயத்து வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்கிறாள். அதற்கு வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்? ஒருநாள் தண்ணீருக்குப் பீலிக்குப் போனேன். மலை ஊற்றைக் குழாய் வழியாக விழ வைத்திருப்பார்களே, அதுதான் பீலி. லயத்தின் முதல் காம்பராவில் குடியிருந்த அக்கா, நான் பின்னால் வருவதைக் கவனிக்காமல் மற்றப் பெண்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “டீத்தண்ணி மட்டும் குடிக்கிறாங்க. அது கொதிச்ச தண்ணி பாருங்க, தீட்டெல்லாம் போயிருமுல்ல.” மற்றவர்கள் சிரித்தார்கள். குடத்தை நிரப்பாமலே திரும்பி வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். முதலில் கோபத்தில்தான் அழுதேன். அவர்கள் மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை என்று யோசித்ததும் கோபம் போய் வெட்கம் மட்டும் மிஞ்சியது.

அது என் புருசன் காதுக்கும் போயிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் கேட்டார். “நான் பொறந்து வளந்த எடத்துல ஒனக்கு ஒரு வாய் எறங்கலயா? அவங்க மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?” குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அது எனக்குக் கைவந்த வேலை. அவருக்குக் கண் கலங்கியிருந்தது. உண்மையைச் சொன்னால், நோயாளிப் பெண்ணை மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்று மாமி அப்பாவின் கடை வாசலில் போய் நிற்பார். சொல்லாவிட்டால் இந்த மனுசர் தன் சொந்தச் சனத்துக்கு முன்னால் தலைகுனிந்து திரிவார். இரண்டும் இல்லாமல் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக நான் நினைத்தேன். “அவங்களத் திருப்பி நாம கூப்பிடுவோம். நான் சமைக்கிறேன். எல்லாரோடயும் ஒன்னா ஒக்காந்து சாப்பிடுறேன்” என்றேன்.

அவருக்கு வந்த சந்தோசத்தில், மறுநாளே லயமெல்லாம் போய்த் தம்பட்டம் அடித்துவிட்டார். தன் மனைவி கான்வென்ட்டில் படித்தவளாம், பங்களாவில் துரை சாப்பிடுகிற பை செய்யப் போகிறாளாம். பை என்றால் மாவைத் தட்டில் பரப்பிக் கறியை உள்ளே வைத்து, மேலேயும் மாவால் மூடிச் சுடுவது. லயத்தில் யாரும் அதைத் தின்றதில்லை. பங்களாக் குசினியில் சமையல் வேலை செய்தவர்கள் சொல்லக் கேட்டதுதான்.

எனக்குப் பை தெரியும் என்பது பொய்யல்ல. பள்ளிக்கூடத்தில் சமையல் வகுப்பு எடுத்த கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்தார். ஆனால் அது கோதுமை மாப் பை. நான் செய்வேன், மற்றப் பிள்ளைகள் தின்பார்கள். இப்போது நானும் தின்ன வேண்டும். எனக்கென்று தனியாக ஒன்று சுட்டு வைத்துக்கொண்டால் அதைவிட வேறு வினையே வேண்டாம். ஆக, எல்லாப் பையையும் அரிசி மாவில்தான் செய்ய வேண்டும்.

அம்மாவுக்கு ஆள் அனுப்பினேன். அப்பா எங்கே எப்படிப் பிடித்தாரோ, பஸ்ஸில் அரிசி வந்தது. ஊறவைத்து, இடித்து, அரித்து, வறுத்தேன். மரவள்ளிக் கிழங்கைத் துருவித் தண்ணீரில் பிழிந்து, அடியில் படிகிற வெள்ளை மாவைக் காயவைத்து எடுத்தேன். என் புருசன் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம் பார்த்துத்தான் இதையெல்லாம் செய்தேன்.

கன்னியாஸ்திரி சொன்ன சட்டம் இது: தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும், கை குளிர்ந்திருக்க வேண்டும், வெண்ணெய் உருகக் கூடாது. முதல் தடவை அப்படியே செய்தேன். உருட்டப் போனால் மணலாக உதிர்ந்தது, தட்டுக்குத் தூக்கவே முடியவில்லை. சனியன் பிடித்த மா என்று சட்டியைத் தள்ளிவிட்டேன். பிறகு நானே குனிந்து ஒட்ட அள்ளினேன், அரிசி அல்லவா. கோதுமை மாவில் ஒரு பசை இருக்கிறது, அதுதான் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துகிறது. என் வயிற்றுக்கு ஆகாததும் அந்தப் பசைதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அரிசிக்கு அது கிடையாது. அப்போதுதான், இடியப்பத்துக்கும் கொழுக்கட்டைக்கும் நாம் கொதிதண்ணீரை அல்லவா ஊற்றுகிறோம் என்று மண்டையில் உறைத்தது.

அதன் பிறகு அந்தச் சட்டத்தை முழுக்கத் தலைகீழாக்கினேன். தண்ணீரில் உப்பும் வெண்ணெயும் போட்டுக் கொதிக்கவிட்டு, அரிசி மாவும் மரவள்ளி மாவும் கலந்த சட்டியில் ஊற்றி, அகப்பைக் காம்பால் கிளறினேன். கை பொறுக்கிற சூடு வந்ததும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்து, ஈரத் துணியால் மூடிக் கொஞ்ச நேரம் விட்டேன். வாட்டிய வாழையிலை இரண்டுக்கு நடுவில் வைத்துப் போத்தலால் உருட்டினேன். மேல் இலையை உரித்துவிட்டு, கீழ் இலையோடு தூக்கித் தட்டில் கவிழ்த்து, அந்த இலையையும் மெதுவாக உரித்து எடுக்க வேண்டும். வெடித்த இடத்தை ஈர விரலால் தடவினால் ஒட்டிக்கொள்ளும். கோதுமை மாவை அதிகம் பிசைந்தால் பை இறுகிவிடும். இதற்கு அந்தப் பயம் இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் போட்டு அடிக்கலாம். என் குணத்துக்கு ஏற்ற மா.

சுடுவதற்குப் பேக்கரியில் இருப்பதுபோலப் போறணை ஏது? ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி அடியில் மணல் பரப்பினேன். கீழே கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சித் தணல், மேலே மூடியில் சிரட்டைத் தணல். வெறும் மாவை முதலில் கொஞ்சம் சுட்டு எடுத்த பிறகுதான் கறியை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடி களியாகிவிடும். களியாகக் கிண்டித் தின்றுதான் இதையும் படித்தேன். கடைசியில் ஒன்று சரியாக வந்தது. கத்தியை வைத்ததும் மொறுமொறுவென்றது. அவர் ஒரு துண்டு தின்றுவிட்டு, “தொரைக்குக் கூட இப்படிக் கெடச்சிருக்காது” என்றார். என்ன மா என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விருந்து ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் பழந்துணியில் முடிந்த கொஞ்சம் கோதுமை மா. பஞ்சம் வந்த பிறகு, விருந்துக்குப் போகிறவர்கள் தங்கள் பங்கு மாவை முன்கூட்டியே கொடுத்துவிடுவது அங்கே வழக்கமாகியிருந்தது. கூப்பிட்ட வீடு பிறகு பட்டினி கிடக்கக் கூடாது என்பதற்காக. எனக்கு இந்த வழக்கம் தெரியாது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், பக்கத்தில் நின்ற மாமி “வாங்கிக்கம்மா” என்றார். முதல் காம்பரா அக்கா தன் முடிச்சை நீட்டிக்கொண்டு, “எங்க மாவு ஒங்க பைக்கு ஆகுங்களா, வாத்தியாரம்மா?” என்று கேட்டார். குத்தல்தான். “ஆகுங்க்கா” என்றேன்.

முடிச்சுகளை அப்படியே குசினியில் ஒரு பெட்டி மேல் வைத்தேன். பிறகு மாமியிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன் என்று இப்போது சொல்லலாம். உண்மையில் நான் எதையும் நினைக்கவில்லை. நாளைக்குப் பை வெடிக்காமல் வர வேண்டும் என்பதைத் தவிர அன்று என் மண்டையில் எதுவும் இல்லை.

பை வெடிக்கவில்லை. மாமி வளர்த்த சேவலும், உருளைக்கிழங்கும், லீக்ஸும் போட்ட கறி. வெட்டி வெட்டி வைத்தேன். ஆண்கள் பள்ளிக்கூட வாங்குப் பலகைகளில், பெண்கள் எங்கள் வீட்டுப் பாயில். நான் அந்த அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் எடுத்த தட்டிலேயே ஒரு துண்டு எடுத்துத் தின்றேன். அவர் என் வாயையே பார்த்தார். நான் விழுங்கிய பிறகு தானும் கடித்தார். “நல்லாத்தான் இருக்கு. ரொட்டி மாவுல இப்படி வருமுன்னு யாரு கண்டா” என்றார். வாசலில் நின்ற என் புருசனின் முகத்தைப் பார்த்தேன். கலியாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோசமாக அவர் இருந்து நான் பார்க்கவில்லை.

அக்கா கை கழுவக் குசினிக்குப் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் அவருடைய முடிச்சு இருந்தது. அதைப் பாயின் நடுவில் வைத்தார். “அவுக்கவே இல்ல. எல்லாரோட முடிச்சும் அங்கதான் கெடக்கு.” சத்தம் போடவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். “அவங்க கையால நாம திங்கலாம். நம்ம மாவ அவங்க கை தொடாது.”

என் புருசன் உள்ளே வந்து, “என்னது இது?” என்று என்னைக் கேட்டார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “எனக்குக் கோதும மாவு ஆகாது. சின்னப் புள்ளையில இருந்தே ஆகாது. தின்னா வாந்தி, வயித்தால போகும். டாக்டர் சொல்லியிருக்காரு. அதான் எந்த வீட்டுலயும் திங்கல. அம்மா சொல்ல வேணாமுன்னாங்க. இது அரிசி மாவுல செஞ்சது.”

சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். சிரிப்பு வந்தது. ஒரு வயதான அம்மா, “நாம மாவு இல்லாமச் சாவுறோம், இவங்க மாவு தின்னாச் சாவாங்களாம்” என்றார். இன்னொரு பெண் மெதுவாகக் கேட்டாள், “அரிசியவா இடிச்சு இதச் செஞ்சீங்க?” அத்தனை வீட்டிலும் கஞ்சிக்கு அரிசி இல்லாத நேரம். மாமி தலையைக் குனிந்துகொண்டு, “பொய் சொன்னாலும் ஒரு அளவா சொல்லும்மா” என்றார். நான் அவரைப் பார்த்தேன். அவரும் நம்பவில்லை. எதை மறைக்க இத்தனை பாடுபட்டேனோ அதை வாய்விட்டுச் சொல்லியும் ஒரு ஆள் நம்பவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. “அவ்வளவுதானே, இப்பவே திங்கிறேன்” என்று அந்த முடிச்சை அவிழ்த்தேன். உப்பும் தண்ணீரும் விட்டுப் பிசைந்து, மிச்சமிருந்த தணலில் கல்லை வைத்து ரொட்டி தட்டினேன். என் புருசன் “விடு, விடு” என்றார். விடவில்லை. எல்லோருக்கும் முன்னால் நின்றுகொண்டு சம்பல்கூட இல்லாமல் வெறும் ரொட்டியைத் தின்றேன், ஒன்று முடித்து இன்னொன்றும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, பாழாய்ப் போன ரொட்டி. “இப்ப எறங்குதுல்ல” என்றார் அக்கா. பிறகு அவரவர் முடிச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வெயில் தாழும் முன்பே ஆரம்பித்துவிட்டது. முதலில் வாந்தி. எங்கள் கக்கூஸ், பீலிக்குப் போகிற பாதையைத் தாண்டி இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன், போய்ச் சேரவில்லை. எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்: தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களும், என் புருசனிடம் படிக்கிற பிள்ளைகளும் பார்க்கப் பார்க்க, நடுப் பாதையில் கட்டிய சேலையோடு கழிந்துவிட்டேன். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். செத்துப் போனால் தேவலை என்று நினைத்தேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, அப்படியேதான் நினைத்தேன்.

முதல் காம்பரா அக்காதான் வந்தார். “எல்லாரும் அங்கிட்டுப் போங்க” என்று மற்றவர்களை விரட்டினார். என்னைத் தூக்கிப் பீலிக்குக் கீழே உட்கார வைத்துச் சேலையை உருவினார். “வேணாங்க்கா, தொடாதீங்க” என்றேன். “சும்மா இரு புள்ள” என்றார். என் காலையும் தொடையையும் தன் கையாலேயே கழுவிவிட்டார். சேலையைக் கல்லில் கசக்கி அலசினார். அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. நடுவில் ஒரு தடவை மட்டும், “நெசத்தத்தான் சொல்லியிருக்க” என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்.

கன நாள் படுக்கையில் கிடந்தேன். மாமி அப்பாவின் கடைக்குப் போகவில்லை, கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்து கொடுத்தார். “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே” என்று என் புருசன் ஒரு தடவை சொன்னார்.

தேறி எழுந்த பிறகு அக்கா தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். இனி மறைக்க ஒன்றும் இல்லை, கிழங்கு அவித்துத் தருவார், சந்தோசமாகத் தின்றுவிட்டு வரலாம் என்று போனேன். காம்பராவில் எனக்குப் பாய் விரித்திருந்தது. முன்னால் தட்டு நிறையச் சோறு, பருப்புக் கறி. அந்த வாரத்துக்கு அந்த வீட்டுக்குக் கிடைத்த கூப்பன் அரிசி முழுவதும் அந்தத் தட்டில் இருந்தது. அக்காவின் பிள்ளைகள் கிழங்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் தட்டு கண்ணில் படக் கூடாதென்று, அக்கா அவர்களைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்திருந்தார்.

“சாப்பிடு தங்கச்சி, இது ஒனக்கு ஆகும்” என்றார்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு இனி வாய் ஏது? ஏற்கெனவே சொன்ன வேண்டாம்களுக்கே இவ்வளவு நடந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றேன்.